36-ஆ, 3,600-ஆ? ஊட்டிக்குப் போகும் கேமராவுக்குள் இத்தனை அதிசயமா… தெரியுமா?

கோடை லீவுக்கு ஊட்டி என்று முடிவாகிவிட்டது. டிக்கெட் போட்டாச்சு, ஸ்வெட்டர்களை எடுத்து வெயிலில் காயவைத்தாச்சு. இந்த நேரத்தில்தான் பல வீடுகளில் ஒரு புதுச் சண்டை கிளம்புகிறது. காலேஜ் படிக்கும் மகள், பரணில் கிடந்த தாத்தாவின் பிலிம் கேமராவை இறக்கித் துடைத்துக்கொண்டே, "இதுல ஒரு ரோல் போட்டு எடுக்கலாம்ப்பா" என்கிறாள். "கையில இவ்வளவு பெரிய போன் இருக்கும்போது அது எதுக்கும்மா?" என்கிறார் அப்பா. இருவர் பக்கமும் நியாயம் இருக்கிறது. ஆனால் தீர்ப்பு சொல்வதற்கு முன்னால், இந்த இரண்டு பெட்டிகளுக்குள்ளும் என்ன நடக்கிறது என்று தெரியுமா? தெரிந்தால் இரண்டையும் சாதாரணமாகக் கையில் எடுக்கவே மனசு வராது!

முதல் ஆச்சரியம் ஊட்டியிலேயே காத்திருக்கிறது. நீங்கள் படம் பிடிக்கப் போகும் அதே ஊட்டியில்தான் ஒரு காலத்தில் இந்தியாவின் போட்டோ பிலிம் தயாரானது, தெரியுமா? 1960-ல் மத்திய அரசு தொடங்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ், 1967-ல் அங்கே உற்பத்தியை ஆரம்பித்தது. 'இந்து' என்ற பெயரில் கருப்பு வெள்ளை பிலிமும் எக்ஸ்ரே பிலிமும் மலையிலிருந்து இறங்கி ஊர் ஊராகப் போயின. ஏன் ஊட்டி? பிலிமுக்குத் தூசி ஆகாது, சூடும் ஆகாது. குளிரும் சுத்தமான காற்றும் அந்த மலையில் இயற்கையாகவே கிடைத்தன. இன்னொன்று கேளுங்கள்: பிலிம் மீது மருந்து பூசும் வேலையை வெளிச்சத்தில் செய்யவே முடியாது. ஒளி பட்டால் பிலிம் வீண். அதனால் ராட்சத இயந்திரங்கள் ஓடும் அந்தக் கூடங்களில், வேலை செய்பவர்கள் இருட்டிலேயே பழகி நடமாட வேண்டும்! ஆலை பிறகு மூடப்பட்டுவிட்டது. 'இந்து நகர்' என்ற பெயர் மட்டும் ஊட்டியில் இன்றும் இருக்கிறது. தாவரவியல் பூங்காவையும் ஏரியையும் பார்க்கிறவர்கள், அந்தப் பெயர்ப்பலகையைக் கடக்கும்போது பிள்ளைகளுக்கு இந்தக் கதையைச் சொல்லலாம்.

அந்த மருந்துப் பூச்சு எதனால் ஆனது தெரியுமா? வெள்ளி! வெள்ளி உப்புகளின் நுண்ணிய படிகங்களை ஜெலட்டினில் கலந்து பூசுகிறார்கள். ஜெலட்டின் மாட்டு எலும்பிலும் தோலிலும் இருந்து வருவது. இங்கேதான் நம்பவே முடியாத ஒரு துப்பறியும் கதை இருக்கிறது. ஒரு ஜெலட்டினில் செய்த பிலிம் மெல்லிய ஒளியையும் பிடிக்கும். அதே முறையில் வேறொரு ஜெலட்டினில் செய்தால் மந்தமாக இருக்கும். காரணம் தெரியாமல் தயாரிப்பாளர்கள் பல வருடம் திண்டாடினார்கள். 1920-களில் கோடக் நிறுவனத்தின் ஆய்வாளர் சாமுவேல் ஷெப்பர்ட் விடையைக் கண்டுபிடித்தார். எது காரணம் தெரியுமா? கடுகு! மேய்ச்சலில் கடுகுச் செடி தின்ற மாடுகளின் ஜெலட்டினில் துளியிலும் துளியாகக் கந்தகச் சேர்மங்கள் இருந்தன. அந்தக் கந்தகம்தான் வெள்ளிப் படிகத்துக்கு ஒளியுணர்வைக் கூட்டிக் கொடுத்தது. நாம் தாளிக்கும் கடுகின் காரத்துக்கும் பழைய கல்யாண ஆல்பத்துக்கும் இப்படி ஓர் உறவு இருக்கும் என்று யார் நினைத்திருப்பார்கள்?

இன்னும் உள்ளே போவோம். பட்டனை அழுத்தியதும் ஷட்டர் என்ற கதவு நொடியில் நூறில் ஒரு பங்கு நேரம் திறந்து மூடுகிறது. அப்போது ஒரு படிகத்தில் எவ்வளவு மாற்றம் நடக்கிறது தெரியுமா? ஒளி பட்டு ஏறத்தாழ நான்கே நான்கு வெள்ளி அணுக்கள் ஒன்றுகூடினால் போதும், அந்தப் படிகம் 'படம் பதிந்தது' என்ற கணக்கில் வந்துவிடும்! அந்த நான்கை எந்தக் கண்ணாலும் பார்க்க முடியாது. பிலிமைக் கழுவும்போது டெவலப்பர் மருந்து அந்த நான்கைப் பிடித்துக்கொண்டு, அதே படிகத்தில் உள்ள கோடிக்கணக்கான வெள்ளி அயனிகளையும் வெள்ளியாக மாற்றிவிடுகிறது. கண்ணுக்குத் தெரியாத படம் கண்ணெதிரே எழுந்து வருகிறது.

கழுவாமலே விட்டால் அந்த நான்கு அணுக்கள் எத்தனை நாள் தாங்கும்? 1897-ல் ஸ்வீடனைச் சேர்ந்த ஆந்த்ரே என்பவர் இரண்டு தோழர்களோடு பலூனில் வட துருவத்துக்குக் கிளம்பினார். பலூன் பனிக்கட்டி மீது இறங்கிவிட்டது; மூவரும் திரும்பவே இல்லை. 1930-ல் ஒரு பனித்தீவில் அவர்களுடைய உடல்களும் பொருட்களும் கிடைத்தன. கூடவே படம் பிடித்தும் கழுவப்படாத பிலிம் சுருள்களும் கிடைத்தன. 33 வருடம் பனியிலும் ஈரத்திலும் கிடந்த சுருள்கள்! ஸ்டாக்ஹோமில் பொறுமையாகக் கழுவியபோது 93 படங்கள் மீண்டன. விழுந்து கிடக்கும் பலூனின் பக்கத்தில் மனிதர்கள் நிற்கும் படமும் அவற்றில் ஒன்று. அப்பாவின் மேஜை டிராயரில் கழுவாத பழைய ரோல் ஏதாவது கிடந்தால் தயவுசெய்து தூக்கிப் போடாதீர்கள். நல்ல லேபில் கொடுத்துப் பாருங்கள்.

கலர் பிலிம் கழுவும் மருந்தின் சூடு எவ்வளவு தெரியுமா? 37.8 டிகிரி செல்சியஸ், சரியாக 100 டிகிரி ஃபாரன்ஹீட். மனிதனுக்கு வந்தால் லேசான காய்ச்சல்! அந்தச் சூட்டில் 3 நிமிடம் 15 நொடி. உலகத்தில் எந்த ஊர் கலர் லேபானாலும் இதே கணக்குத்தான். அதனால்தான் ஒரு ஊரில் வாங்கிய ரோலை இன்னொரு நாட்டில்கூடக் கண்ணை மூடிக்கொண்டு கழுவக் கொடுக்கலாம். கலர் நெகட்டிவில் கடைசியில் வெள்ளி ஒரு துளிகூட மிஞ்சுவதில்லை என்பது தெரியுமா? சாயத்தை உருவாக்கிக் கொடுத்துவிட்டு, வெள்ளி முழுவதும் மருந்துத் தொட்டியில் கரைந்து போய்விடுகிறது. உங்கள் கையில் இருப்பது வெறும் சாயம். கருப்பு வெள்ளை நெகட்டிவில்தான் வெள்ளியே படமாக நிற்கிறது. கருப்பு வெள்ளைப் படங்கள் நூறு வருடம் தாண்டியும் அப்படியே இருக்க, 70-கள், 80-களின் கலர் போட்டோக்கள் சிவந்து வெளிறிப் போனதற்குக் காரணம் இப்போது புரிகிறதா?

கோடாக்ரோம் என்ற புகழ்பெற்ற கலர் பிலிமைக் கண்டுபிடித்தவர்கள் யார் தெரியுமா? இரண்டு இசைக்கலைஞர்கள்! லியோபோல்ட் மேன்ஸ் பியானோக்காரர். லியோபோல்ட் கோடோவ்ஸ்கி வயலின்காரர். இருட்டறையில் கடிகாரம் தெரியாது. அதனால் இசையமைப்பாளர் பிராம்ஸின் சிம்பொனியைத் தாளம் தவறாமல் விசிலடித்தே மருந்தில் ஊறும் நேரத்தைக் கணக்கிட்டார்கள். 1935-ல் அது கடைக்கு வந்தது.

சரி, டிஜிட்டல் பக்கம் வருவோம். அங்கே அதிசயத்துக்குக் குறைச்சலா என்ன?

முதல் டிஜிட்டல் கேமராவைச் செய்தது எந்தக் கம்பெனி தெரியுமா? பிலிம் விற்றே பிழைத்த கோடக்! 1975-ல் அங்கே வேலை பார்த்த ஸ்டீவ் சாசன் என்ற இளம் பொறியாளர் கையில் கிடைத்த பாகங்களை எல்லாம் சேர்த்து ஒரு பெட்டியைச் செய்தார். எடை 3.6 கிலோ. படத்தின் நீளம் 100 புள்ளி, அகலம் 100 புள்ளி, கருப்பு வெள்ளை. ஒரு படத்தை கேசட் டேப்பில் பதிய 23 நொடி! ஒரு டேப்பில் எத்தனை படம் என்று அவரே ஓர் எண்ணை முடிவு செய்தார்: 30. ஏன் 30? கடையில் விற்கும் ரோல்கள் 24, 36 என்று இருந்ததால், இரண்டுக்கும் நடுவில் ஓர் எண்! பிலிமே இல்லாத முதல் கேமராவும் பிலிம் ரோலைப் பார்த்துத்தான் தன் அளவை வைத்துக்கொண்டது. அந்தக் கோடக் 2012 ஜனவரியில் திவால் பாதுகாப்புக் கேட்டு நீதிமன்றம் போனது என்பதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

டிஜிட்டல் படம் என்பதே ஒரு குழந்தையின் முகத்தில்தான் தொடங்கியது என்று சொன்னால் நம்புவீர்களா? 1957-ல் அமெரிக்காவில் ரஸ்ஸல் கெர்ஷ் என்ற கணினி விஞ்ஞானி உலகின் முதல் ஸ்கேனரில் தன் மூன்று மாதக் கைக்குழந்தையின் போட்டோவை வைத்தார். 176-க்கு 176 புள்ளிகள். கணினிக்குள் நுழைந்த முதல் போட்டோ அதுதான்! 40 வருடம் கழித்து, 1997 ஜூன் 11 அன்று, பிரசவ வார்டில் காத்திருந்த பிலிப் கான் என்ற அப்பா ஒரு சின்ன கேமராவையும் செல்போனையும் லேப்டாப்பையும் வயர் போட்டு இணைத்தார். பிறந்த மகளின் படத்தை அங்கிருந்தே உறவினர், நண்பர்கள் எல்லோருக்கும் அனுப்பினார். இன்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் நிமிடத்துக்கு ஒரு போட்டோ வந்து விழுகிறதே, அதன் ஆதிப்படமும் ஒரு குழந்தைதான்!

உங்கள் போன் எடுக்கும் படத்தில் மூன்றில் இரண்டு பங்கு நிறம் வெறும் கணிப்பு என்று தெரியுமா? சென்சாரில் இருக்கும் புள்ளிகளுக்கு நிறமே தெரியாது. வெளிச்சம் எவ்வளவு என்று மட்டும்தான் தெரியும். அதனால் ஒவ்வொரு புள்ளியின் மேலும் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதாவது ஒரு நிறத்தில் குட்டி வடிகட்டி ஒட்டியிருக்கிறார்கள். பாதிப் புள்ளிகள் பச்சை, கால் பங்கு சிவப்பு, கால் பங்கு நீலம். பச்சைக்கு மட்டும் ஏன் இரட்டைப் பங்கு? மனிதக் கண் பிரகாச வித்தியாசத்தைப் பச்சையில்தான் கூர்மையாக உணர்கிறது. மீதி இரண்டு நிறங்களை அக்கம்பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துக் கேமராவே கணக்குப் போட்டு நிரப்பிக்கொள்கிறது. இதற்கு 1976-ல் காப்புரிமை பெற்றவர் பிரைஸ் பேயர். அவரும் கோடக்காரரே!

மூன்று நிறத்தைச் சேர்த்து எல்லா நிறத்தையும் கொண்டுவரும் யோசனை அதற்கும் மிகப் பழசு. 1861-ல் இயற்பியல் விஞ்ஞானி ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் ஒரு வண்ண ரிப்பனை மூன்று வடிகட்டிகளின் வழியாகப் படம் பிடித்து, மூன்றையும் திரையில் ஒன்றின்மேல் ஒன்றாக விழவைத்து முதல் கலர் போட்டோவைக் காட்டினார். நியாயமாகப் பார்த்தால் அந்தச் சோதனை தோற்றிருக்க வேண்டும், தெரியுமா? அன்றைய மருந்துக்குச் சிவப்பு ஒளியே பதியாது! நூறு வருடம் கழித்துத்தான் மர்மம் விலகியது. ரிப்பனின் சிவப்புச் சாயம் கண்ணுக்குத் தெரியாத புற ஊதா ஒளியையும் திருப்பி அனுப்பியிருக்கிறது. தகட்டில் பதிந்தது அதுதான். கலர் பிலிமின் மூன்று அடுக்குகளும் போன் சென்சாரின் மூவர்ண வடிகட்டிகளும் அந்த ஒரே யோசனையின் பிள்ளைகள்.

அதைவிட வியப்பு இது: நீங்கள் பட்டனைத் தொடுவதற்கு முன்பே போன் படம் எடுக்க ஆரம்பித்துவிடுகிறது! கேமராவைத் திறந்த கணத்திலிருந்து படங்களை எடுப்பதும் பழையதை அழிப்பதுமாக அது ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் தொட்டதும் கையிலிருக்கும் பல படங்களை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்தி, இருட்டைத் தூக்கி, வெளுத்த வானத்தை இறக்கி, ஒரே படமாகக் கொடுக்கிறது. பிலிமிலோ ஒரு திறப்பு, ஒரு பதிவு. அவ்வளவுதான்.

இப்போது இந்த வித்தியாசங்களை மலை ரயிலில் ஏற்றிப் பார்ப்போம். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டி வரை 46 கிலோமீட்டர். 208 வளைவு, 250 பாலம், 16 குகை. பெட்டிக்குள் அரை இருட்டு, ஜன்னலுக்கு வெளியே கொளுத்தும் வெயில். குகைக்குள் நுழைந்ததும் பிள்ளைகள் எல்லாம் சேர்ந்து கூச்சல் போடுவார்களே, அந்த முகங்களைப் பிடிக்க வேண்டாமா? அங்கே டிஜிட்டல்தான் ராஜா. ஒளியுணர்வு எண்ணைப் படத்துக்குப் படம் மாற்றிக்கொள்ளும். பிலிமில் ஒளியுணர்வு எண் 400 உள்ள ரோலைப் போட்டால் முப்பத்தாறு படமும் 400-தான்; குகை வந்தால் ஃபிளாஷ் அடிக்க வேண்டும், இல்லையென்றால் கேமராவை மூடி வைக்க வேண்டும்.

ஆனால் குகையை விட்டு ரயில் வெளியே பாயும் கணம் இருக்கிறதே, அது நெகட்டிவ் பிலிமின் இடம். வெளிச்சம் அதிகமானால் கலர் நெகட்டிவ் பெருந்தன்மையாகத் தாங்கிக்கொள்ளும். மேகத்தின் விளிம்பும் வெள்ளைச் சட்டையின் மடிப்பும் மிஞ்சும். டிஜிட்டல் நேர் எதிர்: இருட்டில் குறைவாகப் பதிந்ததைத் தூக்கி எடுக்கலாம், வெளிச்சத்தில் ஒரு முறை வெளுத்துவிட்டால் அங்கே ஒன்றுமே இல்லை. அதனால் ஒரு சின்னப் பாடம். பிலிமில் சந்தேகம் வந்தால் கொஞ்சம் கூடுதல் வெளிச்சம் கொடுங்கள். டிஜிட்டலில் சந்தேகம் வந்தால் கொஞ்சம் குறையுங்கள்.

ஓடும் ரயிலிலிருந்து போனில் எடுத்த படத்தில் பக்கத்துக் கம்பம் சாய்ந்து தெரிந்திருக்கிறதா? கம்பம் நேராகத்தான் நிற்கிறது. போன் சென்சார் படத்தை ஒரே அடியாகப் படிப்பதில்லை. வரி வரியாகப் படிக்கிறது. முதல் வரி படித்ததற்கும் கடைசி வரி படித்ததற்கும் நடுவில் ரயில் நகர்ந்துவிட்டது!

தொட்டபெட்டா உச்சி, 2,637 மீட்டர். அங்கிருந்து பிலிமில் எடுத்தால் தூரத்து மலை கண்ணுக்குத் தெரிந்ததைவிட நீலம் பாய்ந்து வரும். உயரத்தில் புற ஊதா ஒளி அதிகம். பிலிமுக்கு அது பதியும், நம் கண்ணுக்குப் பதியாது. லென்ஸ் முன்னால் ஒரு ஸ்கைலைட் ஃபில்டர் மாட்டினால் சரியாகிவிடும். டிஜிட்டல் சென்சாரில் அந்த வடிகட்டியைப் பிறக்கும்போதே வைத்துவிடுகிறார்கள். ஜனவரியில் போகிறவர்களுக்கு இன்னொன்று: உறைபனிக் காலையில் போன் பேட்டரி மளமளவென்று இறங்கும். சட்டைக்குள், உடம்புச் சூட்டில் வைத்திருங்கள். 1976 முதல் 1997 வரை விற்ற பென்டாக்ஸ் கே1000 போன்ற கேமராக்களுக்கு இந்தக் கவலையே இல்லை, தெரியுமா? பேட்டரி அதில் வெளிச்ச மீட்டருக்கு மட்டும்தான். அது செத்தாலும் கேமரா வேலை செய்யும். மீட்டர் இல்லாமல் எப்படி? பளிச்சென்ற வெயிலில் லென்ஸின் துளையை எஃப் 16-ல் வையுங்கள். கதவின் வேகத்தை பிலிம் எண்ணுக்குப் பக்கத்தில் வையுங்கள். 400 ரோல் என்றால் 500-ல் ஒரு பங்கு நொடி. அவ்வளவுதான், படம் வந்துவிடும்! சூரியன் உலகத்துக்கே பொதுவான விளக்கு என்பதால் சேலத்திலும் செல்லும் இந்தக் கணக்கு சிட்னியிலும் செல்லும்.

ஒரு ரோல் போடுவதைக் கிட்டத்தில் பார்த்திருக்கிறீர்களா? பின்கதவைத் திறந்து டப்பாவை இடது குழியில் உட்கார வைக்க வேண்டும். வெல்வெட் உதட்டின் வழியாக நாக்கு நீட்டிக்கொண்டிருக்கும் பிலிம் முனையை இழுத்து, வலது உருளையின் பிளவில் செருக வேண்டும். ஓரத் துளைகள் பல்சக்கரத்தில் மாட்டியிருக்கின்றனவா என்று பார்த்துக் கதவை மூட வேண்டும். இனிதான் முக்கியம். இடப்பக்கத்து ரீவைண்ட் கைப்பிடியை லேசாகச் சுற்றித் தளர்வை இறுக்குங்கள். பிறகு பிலிமை நகர்த்தும் நெம்புகோலைத் தள்ளும்போது அந்தக் கைப்பிடி தானாகச் சுழல்கிறதா என்று கவனியுங்கள். சுழன்றால் பிலிம் நகர்கிறது. சுழலவில்லையா? நாக்கு கழன்றிருக்கிறது. நீங்கள் எத்தனை தடவை அழுத்தினாலும் ஒரு படமும் விழாது! இந்த ஒரு பார்வை ஒரு முழு ரோலைக் காப்பாற்றும். டப்பாவின் மேல் கருப்பும் வெள்ளியுமாகக் கட்டம் போட்டிருப்பது ஏன் தெரியுமா? அலங்காரம் இல்லை. வெள்ளிக் கட்டத்தில் மின்சாரம் பாயும், கருப்பில் பாயாது. 1983-ல் வந்த இந்தக் குறியீட்டைத் தொட்டே கேமரா பிலிமின் எண்ணைத் தானாகப் படித்துக்கொள்கிறது.

36 போதாதே என்று கவலைப்படுகிறவர்களுக்கு ஒரு நல்ல சேதி. ஒரு பிரேமில் இரண்டு படம் எடுக்கும் 'அரை பிரேம்' கேமராக்கள் இருக்கின்றன. 36 படம் எடுக்கும் ரோலில் 72 படம்! 1959-ல் ஒலிம்பஸ் பென் இதைப் பிரபலமாக்கியது. எல்லோரும் பிலிமை மறந்துவிட்டார்கள் என்று நினைத்த காலத்தில், 2024-ல், பென்டாக்ஸ் 17 என்ற புத்தம் புதிய அரை பிரேம் கேமரா கடைக்கு வந்திருக்கிறது. செலவை மட்டும் நேர்மையாகக் கணக்குப் போடுங்கள்: ரோல் விலை, கழுவும் கூலி, ஸ்கேன் கூலி மூன்றையும் கூட்டி 36-ஆல் வகுத்தால் ஒரு கிளிக்கின் விலை வரும். அதைத் தெரிந்துகொண்டு ஒரு பிள்ளை கேமராவைத் தூக்கி, பார்த்து, இறக்கி, மறுபடி தூக்குவதைப் பாருங்கள். படம் பிடிப்பது எப்படி என்று அதற்கு யாரும் சொல்லிக் கொடுக்கவே வேண்டாம்.

எடுத்துத் தள்ளினால் ஞாபகம் கூடும் என்று நினைக்கிறோம், இல்லையா? 2014-ல் வெளிவந்த, உளவியலாளர் லிண்டா ஹென்கலின் ஆய்வு வேறு மாதிரிச் சொல்கிறது. அருங்காட்சியகத்தில் பொருட்களைப் போட்டோ எடுத்தவர்கள், வெறுமனே பார்த்தவர்களைவிடக் குறைவாகவே நினைவு வைத்திருந்தார்கள். ஆனால் ஏதாவது ஒரு பகுதியைப் பெரிதாக்கி, உற்றுப் பார்த்து எடுத்தவர்களுக்கு அந்த நஷ்டம் இல்லை! ஆக, கேமரா எது என்பதைவிட உற்றுப் பார்ப்பதுதான் விஷயம். போனிலும் அது முடியும்; பிலிமில் வேறு வழியே இல்லை.

தஞ்சாவூர் போகும் திட்டம் இருந்தால் இதையும் கேட்டுக்கொள்ளுங்கள். 1858-ல் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரி மெழுகு தேய்த்த காகித நெகட்டிவ்களோடு தஞ்சையையும் மதுரையையும் படம் பிடித்தார். பெரிய கோயிலின் அடித்தளத்தில் ஓடும் கல்வெட்டைத் துண்டு துண்டாக எடுத்து, 21 பிரிண்டுகளை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக்கினார்! இன்று போனைப் பனோரமாவில் வைத்து அதே சுவரோரம் மெதுவாக நகர்த்தினால் சில நொடியில் முடிந்துவிடும். உங்கள் பிள்ளையை அங்கே நிறுத்தி, டிரைப்பைப் பற்றிச் சொல்லிவிட்டு எடுக்கச் சொல்லுங்கள்.

பாதுகாப்பில் யார் கெட்டி? மெமரி கார்டுக்குள் உங்கள் படம் எப்படி இருக்கிறது தெரியுமா? சிறைப்பட்ட எலக்ட்ரான்களாக! மின்சாரம் பாயாத சுவருக்குள் எலக்ட்ரான்களை அடைத்து வைப்பதுதான் 1980-களில் தோஷிபாவின் ஃபூஜியோ மசுவோகா கண்டுபிடித்த ஃபிளாஷ் நினைவகம். வருடக்கணக்கில் மின்சாரமே காட்டாமல் டிராயரில் போட்டுவைத்தால் அவை மெல்லக் கசிந்துபோகலாம். பென் டிரைவில் போட்டு பீரோவுக்குள் வைத்துவிட்டோம் என்று நிம்மதியாக இருக்கக் கூடாது. இரண்டு மூன்று இடங்களில் பிரதி இருக்க வேண்டும், சில வருடத்துக்கு ஒரு முறை புதிதாகப் படியெடுக்க வேண்டும். அப்படிப் பார்த்துக்கொண்டால் டிஜிட்டல் படம் ஒரு புள்ளிகூட மங்காது. நெகட்டிவோ ஒருவரும் கவனிக்காவிட்டாலும் வருடக்கணக்காகக் காத்திருக்கும், ஆனால் இருப்பது ஒன்றே ஒன்று. வெள்ளம் வந்தால் போச்சு. 2018-ல் குறிஞ்சி பூத்தபோது மலையெல்லாம் போன் கேமராக்கள். அந்தப் படங்கள் இப்போது எந்தப் பழைய போனில் கிடக்கின்றன? அடுத்த பூப்பு 2030-ல். அதற்குள் தேடி எடுத்து வையுங்கள்!

பிலிமுக்கு ஓர் எதிரி உண்டு: கதிர்வீச்சு. 1945-ல் கோடக்கின் எக்ஸ்ரே பிலிம்களில் காரணமே இல்லாமல் புள்ளி புள்ளியாகக் கறை விழுந்தது. துருவிப் பார்த்தால், பிலிமைப் பொதிந்த அட்டை செய்த ஆலையின் ஆற்று நீரில் அணுகுண்டுச் சோதனையின் சாம்பல் கலந்திருக்கிறது! நியூ மெக்சிகோ பாலைவனத்தில் ஜூலை 16 அன்று ரகசியமாக வெடித்த முதல் குண்டை, ஆயிரம் மைலுக்கு அப்பால் விற்பனைக்கு வைத்திருந்த பிலிம் காட்டிக் கொடுத்துவிட்டது. ஆகவே விமானத்தில் போகிறவர்கள் ரோலை செக்-இன் பெட்டியில் வைக்கவே கூடாது. அங்கே எக்ஸ்ரே மிகக் கடுமை. கைப்பையில் வைத்து, கையாலேயே சோதிக்கும்படி பணிவாகக் கேளுங்கள். விமான நிலையங்களின் புது சி.டி. (CT) ஸ்கேனர்களுக்குள் பிலிமை விட வேண்டாம் என்று தயாரிப்பாளர்களே எச்சரிக்கிறார்கள். காரில் போகிறவர்கள் டேஷ்போர்டில் வைக்காதீர்கள், மே மாத வெயில் ஒரே மதியத்தில் நிறத்தைக் கெடுத்துவிடும்.

சரி, அப்பாவா மகளா? என்னைக் கேட்டால் இரண்டும் போகட்டும். ஆனால் வேலையைப் பிரித்துக் கொடுங்கள். ஓடும் பிள்ளை, குகை, இரவு, மழை, ஏரிப் படகு, ஊருக்கு உடனே அனுப்ப வேண்டியது எல்லாம் போனுக்கு. பிலிமுக்கு ஒரே ஒரு 400 ரோல், அதுவும் மனிதர்களுக்கு மட்டும். மலையை எடுக்க வேண்டாம், அது அங்கேயேதான் இருக்கும். போன் சென்சார் விரல் நகத்தளவுதான். பிலிம் பிரேம் 24-க்கு 36 மில்லிமீட்டர். அதனால்தான் லென்ஸைத் திறந்து வைத்து எடுத்தால் பாட்டியின் முகத்துக்குப் பின்னால் இருக்கும் தேயிலைத் தோட்டம் தானாகக் கலங்கிக் கரைகிறது. போன் அதைக் கணக்குப் போட்டுச் செய்யும்போது, காற்றில் பறக்கும் நரைமுடியில் நாலைந்து இழையைச் சேர்த்து அழித்துவிடுகிறது.

பரணிலிருந்து இறக்கிய கேமராவை மட்டும் நேராக ஊட்டிக்குக் கொண்டுபோகாதீர்கள். லென்ஸை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, உள்ளே சிலந்தி வலை மாதிரி பூஞ்சை ஓடியிருக்கிறதா என்று பாருங்கள். பின்கதவு ஓரத்துப் பஞ்சு பிசுபிசுத்திருந்தால் ஒளி கசியும், மாற்றுங்கள். வீட்டிலேயே ஒரு ரோல் எடுத்துக் கழுவிப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். திரும்பி வந்ததும் ரோலைக் கழுவக் கொடுக்கும்போது, "ஸ்கேன் போதும், நெகட்டிவ் வேண்டாம்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். நெகட்டிவைக் கேட்டு வாங்குங்கள்! ஸ்கேன் அதன் நகல்தான். நாளைக்கு இதைவிட நல்ல ஸ்கேனர் வரும்போது அதில் கொடுக்க அசல் கையில் இருக்க வேண்டும். அதே லேபில், போனில் எடுத்த ஆயிரம் படங்களிலிருந்தும் 36-ஐப் பொறுக்கிப் பிரிண்ட் போடக் கொடுத்துவிடுங்கள். எந்த 36 என்று வீட்டில் எல்லோரும் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுசாக வேண்டியிருக்கும்.